தும்மலுக்குப் பின் பதினாறு ஓட்டம்

"அசையாத," என்றாள் ஓட்டிஸின் மனைவி ஜெனீவா.

"அசைய முடிஞ்சா இப்படி நின்னுட்டிருப்பேனா?" என்றான் ஓட்டிஸ்.

பாத்திரம் கழுவும் மெஷினின் கீழ்த்தட்டில் ஒரு கரண்டியை வைக்கக் குனிந்தவன், குனிந்தபடியே நின்றுவிட்டான். நடுவில் நடந்தது ஒரே ஒரு தும்மல்.

பந்தை அணைத்துக்கொண்டு பாய்ந்து வருகிறவர்களை நடுமைதானத்தில் மறித்து மண்ணில் சாய்ப்பது அவன் தொழில். பன்னிரண்டு வருடங்களாக ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் லைன்பேக்கர். நூற்று முப்பது கிலோ ஆட்கள் மோதியும் வளையாத முதுகு, சொந்தச் சமையலறையில், சொந்த மூக்கிடம் தோற்றுப்போனது.

"டிரெயினருக்கு போன் போடு," என்றாள்.

"போட்டா அடிபட்டவன்னு எழுதிடுவாங்க. புது கோச் வந்ததும் வராததுமா முப்பது தாண்டின ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாரு. எனக்கு முப்பத்தஞ்சு. என் இடத்துக்கு இருபத்திரண்டு வயசுல ஒருத்தனை வேற எடுத்து வச்சிருக்காரு. தும்மினேன்னு சொன்னா, கைக்குட்டை குடுத்து வழியனுப்பிடுவாரு."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"இன்னொரு வருஷம் ஆடப் போறேன்."

ஜெனீவா அவனைப் பார்த்தாள். குனிந்த நிலையில் அதைச் சொன்னதால், அவன் சபதம் முழுவதும் தரையைப் பார்த்தே எடுக்கப்பட்டது.

ஃப்ரீசரிலிருந்து உறைந்த பட்டாணிப் பையை எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் அவனைப் படுக்க வைத்தாள். "இருபது நிமிஷம். அப்புறம் எழுந்திரு," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

எழுந்திரு என்ற சொல்லில் இருந்த சிக்கல், அவள் கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. போன் சமையல் மேடைமேல் இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் பட்டாணி உருகி, தண்ணீர் முதுகு வழியாகக் கழுத்துக்கு வந்தது. வேறு வழியில்லாமல் ஜன்னலைப் பார்த்துக் கத்தினான்.

பக்கத்து வீட்டு வால்ட் வந்தார். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"மரத்துல ஏறின பூனையை எத்தனையோ தடவை இறக்கியிருக்கேன்," என்றார் அவன் கக்கத்தில் கைகொடுத்தபடி. "தரையில கிடக்கற லைன்பேக்கரை ஏத்துறது இதான் முதல் தடவை."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, வால்ட். என் பொழப்பு போயிடும்."

"என்கிட்ட ஒண்ணு வந்தா கிணத்துல போட்ட கல்லுய்யா."

கல் விழுந்த சத்தம் மாலை நான்கு மணிக்குள் தெரு முழுவதும் கேட்டுவிட்டது. அந்த ஊரில் யாராவது படுத்துவிட்டால், அக்கம்பக்கத்தார் அடுப்பில் சுட்ட உணவுத் தட்டுகளோடு வந்துவிடுவார்கள். ஆறு மணிக்குள் ஐந்து தட்டுகள். இரண்டில் நூடுல்ஸும் சூரை மீனும், மூன்றில் உருளைக்கிழங்கும் சீஸும். நான்கில் 'சீக்கிரம் குணமாகுங்கள்' என்று அட்டை செருகியிருந்தது. ஐந்தாவது அட்டை ஜெனீவாவின் பெயருக்கு: 'உங்கள் இழப்பில் நாங்களும் பங்கு கொள்கிறோம்.'

"தெருவுக்குத் தெரிஞ்சா பேப்பருக்குத் தெரியும்," என்றான் ஓட்டிஸ். "பேப்பருக்குத் தெரிஞ்சா கோச்சுக்குத் தெரியும். நான் புல்லு வெட்டப் போறேன்."

"உனக்குப் பைத்தியமா?"

"எல்லாரும் பார்க்கட்டும்."

பார்த்தார்கள். கம்பத்தில் கட்டிய ஆள் போல விறைத்து நின்று, புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளியபடி அவன் முன்முற்றத்தில் போய் வந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் பல்லைக் கடித்தான். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது புன்னகையாகத் தெரிந்தது. வால்ட் கைதட்டினார். "நல்லாத்தான் இருக்கான்! நான்தான் ஏதோ உளறிட்டேன்!"

எதிர்வீட்டு அம்மாள் வேலியருகே வந்தாள். "அப்படியே என் முற்றத்தையும் பார்த்துடேன்ப்பா. என் மெஷின் ரிப்பேரு."

முடியாது என்று சொல்லக்கூடிய நிலையில் அவன் இல்லை. மூன்று முற்றங்கள் வெட்டி முடித்து வீட்டுக்குள் வந்தபோது, முதுகோடு இடது தொடையும் சேர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் வியாழன். ஜெனீவா வேலைக்குப் போன பிறகு, பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தான். கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த அணியின் கடிதம் நழுவித் தரையில் விழுந்தது. பயிற்சி முகாமுக்கு வரவேண்டிய நாள் அதில்தான் இருந்தது. கால் விரலால் எடுக்கப் பார்த்தான். நூடுல்ஸ் இடுக்கியால் எடுக்கப் பார்த்தான். கடைசியில் ஆறடி உயரத்திலிருந்தே படித்தான். பெரிய எழுத்தில் இருந்தது மட்டும் தெரிந்தது: வெள்ளி, காலை ஏழு மணி. கீழே எறும்பு வரிசை போலச் சின்ன எழுத்து. தாமதமாக வந்தால் என்ன தண்டனை, சாப்பாட்டுக்கு வராவிட்டால் என்ன தண்டனை என்பதெல்லாம் எப்போதும் சின்ன எழுத்தில்தான் வரும்.

"நாளைக்கேவா!" என்றான் ஃப்ரிட்ஜிடம்.

வெள்ளிக்கிழமை காலை ஜெனீவாதான் காரை ஓட்டினாள். முகாம் வாசலில், பீரோவை இறக்குவது போல அவனை இறக்கினாள். "போதும், திரும்பிடலாமா?" என்று ஒரு தடவை மட்டும் கேட்டாள். அவன் வேண்டாமென்று தலையாட்டினான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

அடிபட்டவர்களைக் கவனிக்கும் டிரெயினர் மார்சி கையில் அட்டையோடு நின்றிருந்தாள். "ஓட்டிஸ்! நீங்க வருவீங்கன்னு எதிர்பார்க்கவே இல்லையே. எங்க வலி?"

"வலியா? யாருக்கு?"

"மறைக்காம சொல்லுங்க. அதுக்குத்தானே நான் இருக்கேன்."

"கல்லு மாதிரி இருக்கேன், மார்சி."

நிற்பதைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. மார்சி அட்டையில் ஏதோ எழுதினாள். வால்ட் இங்கேகூடப் போன் பண்ணிவிட்டார் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே உடைமாற்றும் அறைக்குள் போனான்.

அங்கே அவன் வயதில் ஒருவர்கூட இல்லை. பத்து வருடம் தோளோடு தோள் நின்ற மோசஸின் அலமாரி காலி. பிரைஸின் அலமாரி காலி. வழக்கமாக வாசலிலேயே கேட்கும் கெட்ட வார்த்தைகள் இல்லை, ஈரத் துண்டால் அடிப்பவர்கள் இல்லை. மீசை சரியாக முளைக்காத முகங்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"சார், பயிற்சியைப் பார்க்க வந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டது ஒரு முகம்.

ஓட்டிஸுக்குப் புரிந்துவிட்டது. ரெண்டு பேரோடு நிறுத்தவில்லை கோச். பழைய ஆட்கள் அத்தனை பேரையும் துடைத்துப் போட்டுவிட்டார். மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான்.

மோசஸின் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றான். ஒரு மனிதன் பத்து வருடம் வியர்த்த இடம் இவ்வளவு சீக்கிரம் சுத்தமாகிவிடுமா என்று தோன்றியது. உள்ளே சோப்பு வாசனைகூட இல்லை.

பிறகு ஷூவை நாடா அவிழ்க்காமலே காலில் திணித்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தான்.

அன்றைய சோதனை எளிதில் சொல்லிவிடக்கூடியது. நூற்றுப் பத்து கஜம், பதினாறு தடவை. ஒவ்வொன்றையும் பதினெட்டு நொடிக்குள் முடிக்க வேண்டும். நடுவில் முக்கால் நிமிடம் ஓய்வு.

கோச் கெல்னர் அவனைக் கண்டதும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஓட்டிஸ், நீ ஓட வேண்டாம். அந்த நிழல்ல பெஞ்ச் போட்டிருக்கு, போய் உட்காரு."

"ஓடுறேன், கோச்."

"கட்டாயமில்லப்பா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பதினாறும் ஓடுறேன்."

கோச் அவனை நிதானமாகப் பார்த்தார். "உன் இஷ்டம்," என்றார்.

முதல் ஓட்டத்திலேயே முதுகு அலறியது. மூன்றாவதில் தொடையும் கூடச் சேர்ந்தது. ஆறாவதுக்குப் பிறகு எது அலறுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது ஒரு வகையில் வசதியாக இருந்தது. ஒவ்வொரு ஓய்விலும் பையன்கள் முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார்கள். ஓட்டிஸால் குனிய முடியாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றான்.

"டேய், அந்த சாருக்கு மூச்சே வாங்கல பாருடா," என்றான் ஒருவன்.

"மிஷினுடா அது."

பத்தாவதில் இரண்டு பேர் வாந்தி எடுக்கக் குப்பைத் தொட்டியைத் தேடி ஓடினார்கள். பதிமூன்றாவதில் அவன் இடத்துக்கென்று எடுத்துவைத்திருந்த பையன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். ஓட்டிஸ் மோசஸுக்காக ஒன்று ஓடினான், பிரைஸுக்காக ஒன்று ஓடினான். கடைசி ஓட்டத்தில் யாருடைய பெயரும் நினைவுக்கு வரவில்லை. கோடு மட்டும் தெரிந்தது. பதினேழு புள்ளி ஒன்பது.

கோச் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்படி ஒருத்தன் ஓடிப் பார்த்ததில்ல. இந்த வருஷம் நடுவுல நீதான் நிக்கற."

ஓட்டிஸ் அந்தக் கையை இறுக்கிக் குலுக்கினான்.

உடைமாற்றும் அறையில், துண்டும் தலைக்கவசமும் பார்த்துக்கொள்ளும் டூலி அவன் முன்னால் மண்டியிட்டு, ஷூவைக் கழற்றிவிட்டார்.

"டூலி," என்றான் ஓட்டிஸ் மெதுவாக, "மோசஸையும் பிரைஸையும் எப்ப அனுப்பினாங்க? ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

டூலி ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"யாரை அனுப்பினாங்க? அவங்கெல்லாம் செவ்வாய்க்கிழமைதானப்பா வர்றாங்க. இன்னைக்குப் புதுப்பசங்களும் அடிபட்ட பழைய ஆளுங்களும் மட்டும் வந்தா போதும்னு கோச் இந்த வருஷம் மாத்தி, லெட்டர்ல சின்ன எழுத்துல போட்டிருந்தாரே, அதான் நீ கேட்டுக்குள்ள நுழைஞ்சதுமே அடிபட்டவங்க லிஸ்ட்ல முதல் பேரா உன்னைப் போட்டுட்டாங்க!"