நாசியார் முகர்ந்த ஊர்

அந்தக் கடற்கரை ஊரில் எந்த மந்திரிக்கும் கிடைக்காத வரவேற்பு ஒரு மூக்குக்குக் கிடைத்தது.

சாதாரண மூக்கு என்று நினைத்துவிடாதீர்கள். காற்றை முகர்ந்தே அதில் கொரோனா இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும் மூக்கு! அதற்குச் சொந்தக்காரரை ஜனங்கள் நாசியார் என்று அழைத்தார்கள். எங்கிருந்து வந்தார், இதற்கு முன் என்ன வேலை பார்த்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் மூக்கு கோபித்துக்கொள்ளுமாம்.

ஹோட்டல் அறைக்குள் நுழைவார். கண்ணை மூடுவார். திரைச்சீலையை ஒருமுறை, தலையணையை ஒருமுறை, கடைசியாக முதலாளியை ஒருமுறை முகர்வார். "இங்கே இல்லை" என்பார். உடனே வாசற்கதவில் தங்க நிற மூக்குப் படம் ஒட்டப்படும். காணிக்கை குறைந்தால் வெள்ளி மூக்கு. காணிக்கையே தராதவரின் வாசலில் நாசியார் நின்று ஒரு தும்மல் போடுவார். அவ்வளவுதான், அந்த ஹோட்டலில் அப்புறம் யார் தங்குவார்கள்?

இவரை ஊருக்குள் கூட்டிவந்த பெருமை லாட்ஜ்காரருக்கு உரியது. ஹோட்டல் முதலாளிகள் சங்கத்தின் செயலாளர் அவர். 'கடல் பார்த்த அறைகள்' என்று பலகை வைத்திருந்தார். குளியலறை ஜன்னலில் தலையை நுழைத்துக் கழுத்தை முறுக்கினால் கடல் தெரியும், பொய் சொல்லவில்லை. ஊரடங்கில் அறைகள் பூட்டிக் கிடந்தன, மெத்தைகளில் பூஞ்சை பூத்திருந்தது. மாடியில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. கீழே சமையலறையைக் கவனித்துக்கொண்டிருந்தவள் அவருடைய அக்கா. அவளுக்கும் லாட்ஜில் பாதிப் பங்கு. சண்டை போடுவதில் முழுப் பங்கு.

மூக்கு வருவதற்கு முன்பு ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஊரைத் திற என்றது ஒரு கட்சி. ஊரோடு சேர்த்துக் கடலையும் மூடு என்றது இன்னொரு கட்சி. நகரசபைக் கூட்டத்தில் சுகாதார அதிகாரி அம்மாள் பலகையில் ஒரு கோடு வரைந்து காட்டினார். கோடு மேலே மேலே போனது.

"தொற்று ஏறிட்டே இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க," என்றார்.

சங்கத் தலைவர் எழுந்தார். "ஏறுறதுக்கு எதுக்கும்மா பயப்படணும்? வியாபாரத்துல கோடு இப்படி ஏறினா நாங்க விருந்து வைப்போம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"வெளியூர்க்காரங்களோட வர்ற கிருமி வெளியூர்க் கிருமிதானே? அவங்க அறையைக் காலி பண்ணும்போது அதுவும் சேர்ந்து கிளம்பிடும்," என்று விளக்கம் கொடுத்தார் படகுச் சங்கத்துக்காரர். அதற்கும் கைதட்டல். அதிகாரி அம்மாள் பலகையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் லாட்ஜ்காரர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். அதில் நாசியார் ஒரு மாளிகையை முகர்ந்துகொண்டிருந்தார். நகரசபைத் தலைவர் முகத்தில் வெளிச்சம் பரவியது. திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்கும் பொறுப்பு அன்றைக்கு ஊரின் தலையிலிருந்து இறங்கி மூக்கில் உட்கார்ந்தது.

நாசியார் வந்தார். லாட்ஜிலேயே நல்ல அறை, மூன்று வேளைச் சாப்பாடு. தெருத்தெருவாகத் தங்க மூக்குகள் முளைத்தன. முகர்ந்தது போக, பெரிய மனிதர்களின் முகத்துக்கு உள்ளங்கை தூரத்தில் நின்று "ஹா" என்று மூச்சு விட்டு ஆசீர்வாதமும் செய்தார். 'காப்பு மூச்சு' என்று அதற்குப் பெயர். சங்கத் தலைவர் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். லாட்ஜ்காரரும் வாங்கிக்கொண்டார். முகக்கவசத்தைக் கழற்றித்தான் வாங்கவேண்டுமாம்.

"அவளுக்கும் ஒரு மூச்சு வாங்கிடலாம்க்கா," என்று அவர் மாடிப்பக்கம் கை காட்டினார். "பிள்ளைக்கும் சேர்த்துக் காப்பா இருக்கும்."

அக்கா கரண்டியோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "அந்த ஆளு இந்தப் படியில கால் வச்சா, மூக்கு இருக்கும், முகம் இருக்காது. நீயும் மேல போகாத. ஊரெல்லாம் அவரோட சுத்திட்டு வர்ற."

"உனக்கு எதுலதான் நம்பிக்கை இருக்கு?"

"அவ வயித்துல இருக்கிற பிள்ளை மேல இருக்கு. நகரு."

அன்றிலிருந்து அக்காவோடு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஊர்த் திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்கா சமையலறையைக் கழுவ ஆரம்பித்தாள். மூலையில் இருந்த பெரிய ஃப்ரீசர் எப்போது செத்ததோ தெரியாது. மூடியைத் தூக்கினாள். ஊரடங்குக்கு முன்னால் வாங்கிப் போட்ட மீன்.

அந்த நாற்றத்தை எழுத்தில் எழுதினால் காகிதம் சுருண்டுவிடும். பாத்திரம் கழுவிய இருவர் பின்வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடினார்கள். லாட்ஜ்காரர் கொல்லைப்புறத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். அக்கா முந்தானையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

ஃப்ரீசருக்குப் பக்கத்து மேசையில் நாசியார் உட்கார்ந்திருந்தார். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, நிதானமாக வாயில் போட்டார்.

"எதற்கம்மா எல்லாரும் ஓடுகிறார்கள்?" என்று கேட்டார்.

அக்கா அவரையே பார்த்தாள். மூடியைச் சாத்தினாள். பிறகு கொல்லைப்புறம் போய்த் தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். "டேய், அவருக்கு வாசனையே தெரியலடா."

"அது மகா மூக்கு அக்கா," என்றார் லாட்ஜ்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு. "மீன் நாத்தத்துக்கெல்லாம் அசையாது."

"வாசனை தெரியாமப் போறது எதோட அறிகுறின்னு பேப்பர்ல போடலையா?"

"அது நமக்கு. அவருக்கு இல்ல."

ஆனால் அன்று முழுவதும் லாட்ஜ்காரருக்கு நெஞ்சுக்குள் என்னவோ உறுத்தியது. மாடியில் மனைவி நடக்கும் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த உறுத்தல் பெரிதாயிற்று.

விழா படகுத்துறையில். மேடை, மேளம், வண்ணக் கொடிகள். பயணிகளோடு முதல் படகு தூரத்தில் வந்துகொண்டிருந்தது. ஊர்க்காற்றை முகர்ந்து நாசியார் 'இல்லை' என்றதும் கயிற்றை வெட்ட நகரசபைத் தலைவர் கத்திரிக்கோலோடு தயாராக நின்றார். மைக் லாட்ஜ்காரர் கையில்.

அப்போது அக்கா மேடையேறினாள். கையில் மூடி போட்ட இரண்டு எவர்சில்வர் டப்பா.

"ஐயா, காத்துல இருக்கிற கிருமியையே கண்டுபிடிக்கிறீங்க. உங்க பெருமையை வர்றவங்களும் பார்க்கட்டும். இதுல ஒண்ணுல ரோஜாப்பூ. இன்னொண்ணுல அழுகின மீன். கண்ணை மூடிட்டு எது எதுன்னு சொல்லிடுங்க. சின்ன வேலை."

"மேடையை விட்டு இறங்கச் சொல்லு," என்று சங்கத் தலைவர் லாட்ஜ்காரரின் காதைக் கடித்தார்.

லாட்ஜ்காரர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். அக்கா முகத்தைப் பார்த்தார். "முகர்ந்து காட்டுங்க ஐயா," என்ற சொல்தான் வெளியே வந்தது.

கூட்டமும் கத்தியது. "காட்டுங்க! காட்டுங்க!"

நாசியார் கண்ணை மூடினார். அக்கா இரண்டு மூடியையும் திறந்தாள். கடல் காற்று மேடையிலிருந்து கூட்டத்துப் பக்கம் வீசியது. முன்வரிசை அப்படியே எழுந்தது. இரண்டாம் வரிசை நாற்காலியோடு பின்னால் சாய்ந்தது. மேளக்காரர் கோலைப் போட்டுவிட்டு மூக்கைப் பிடித்தார்.

நாசியார் மட்டும் இரண்டு டப்பாவையும் ஆழமாக, சாவகாசமாக முகர்ந்தார். வலது டப்பாவைத் தொட்டு மலர்ந்த முகத்தோடு, "ஆகா! ரோஜா. இன்றைக்குப் பறித்தது," என்றார்.

"ரெண்டுலயும் மீன்தாங்க," என்றாள் அக்கா.

மைக்கில் அது ஊர் முழுக்கக் கேட்டது.

"எத்தனை நாளா ஐயா வாசனை தெரியல?" என்று அவளே கேட்டாள்.

நாசியார் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் மூக்கைப் பொத்திய கைகளைப் பார்த்தார். அவருடைய செந்தமிழ் அங்கேயே கழன்று விழுந்தது. "நாலஞ்சு நாளாச்சும்மா. சாப்பாடும் மண்ணு மாதிரி இருக்கு. ராத்திரி லேசாக் காய்ச்சல்."

"அதுக்கு முன்னாடி கிருமி வாசனை தெரிஞ்சுதா?"

"கிருமிக்கு ஏதும்மா வாசனை? நான் அறைக்கு அடிக்கிற வாசனைத் தண்ணி வித்தவன். வியாபாரம் படுத்துடுச்சு, மூக்கை நம்பி இறங்கினேன். ஆனா சத்தியமாச் சொல்றேன், கொஞ்ச நாளா இந்த ஊர்ல எந்த வாடையும் வரல. ஊர் நெசமாவே சுத்தமாயிடுச்சுன்னு நானே நம்பிட்டேன்!"

'காப்பு மூச்சு' வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை தோளோடு தோள் உரசி நின்ற கூட்டம், வெடி போட்டதுபோல் சிதறியது. சங்கத் தலைவர் கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினார். படகு வந்த வழியே திரும்பியது. லாட்ஜ்காரர் மைக்கைக் கீழே போட்டார். மாடிப்படியில் கரண்டியோடு உட்கார்ந்திருந்த அக்காதான் அவர் கண்ணுக்குள் நின்றாள்.

சுகாதார அதிகாரி அம்மாள் மெதுவாக மேடையேறிப் பரிசோதனைக் குச்சியைப் பிரித்தார். "மூக்கைக் காட்டுங்க," என்றார். அந்த மூக்கிலிருந்து ஊருக்கு முதல்முதலாக ஓர் உண்மைத் தகவல் கிடைத்தது.

பலகையில் கோடு மறுபடி ஏறியது. தங்க மூக்கு ஒட்டிய ஹோட்டல் முதலாளிகளில் பாதிப்பேருக்குத் தொற்று. நோயாளிகளைத் தனியே வைக்க இடம் தேடினார்கள். லாட்ஜைத் திறந்துவிட்டாள் அக்கா. அத்தனை அறையும் நிரம்பியது. லாட்ஜ்காரருக்கும் அங்கேதான் ஒரு கட்டில். மனைவியை அக்கா தன் தோழி வீட்டில் பத்திரமாக வைத்திருந்தாள். பரிசோதித்ததில் அவளுக்கு ஒன்றுமில்லை. அதைப் போனில் கேட்ட லாட்ஜ்காரர் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

ஒரு நாள் காலை, அக்கா கஞ்சிப் பாத்திரங்களை அறை வாசல்களில் வைத்துக்கொண்டு போனாள். ஓர் அறைக்குள்ளிருந்து சங்கத் தலைவரின் குரல் இருமலோடு வந்தது.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. பக்கத்து ஊர்ல ஒருத்தர் இருக்காராம். காதாலயே கேட்டுக் கிருமி இருக்கா இல்லையான்னு சொல்லிடுறாராம். இருமல் நின்னதும் அவரைக் கூட்டிட்டு வந்து ஊரைத் திறந்துடலாமா?"

அக்கா பாத்திரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மூக்கு முடிஞ்சு இப்ப காதாண்ணே? ரெண்டுக்கும் மேல, மண்டைக்குள்ள ஒண்ணு இருக்கு. பொறந்ததுலேர்ந்து பூட்டியே கிடக்கு. முதல்ல அதைத் திறங்க. ஊரை அப்புறம் திறக்கலாம்."