மீசை வைத்த வட்டம் எழுதுவது

மதிப்பும் அன்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அதாவது சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். அங்கு நீங்களும் குழந்தைகளும் நலமா? உங்கள் வீட்டில் வந்து தங்கியிருப்பவளும் நலமா? இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். அவள் பக்கத்து அறையில் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகப் படித்தால் போதும்.

நீங்கள் அனுப்பிய நாலு பக்கமும் கிடைத்தன. என் மனைவியை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டிருந்தேன். நீங்கள் நிலைமின்னியல் பாடத்தை அனுப்பியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவரிடம் கேட்டது என் தப்புதான். பாதகமில்லை. வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாததால் நாலு பக்கத்தையும் மனப்பாடமே செய்துவிட்டேன்.

எல்லா வம்பும் அந்த நைலான் கம்பளத்தால் வந்தது மச்சான். குளிர்காலத்தில் தரை ஜில்லென்று இருக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னாள், உடனே நான் பெரிய மனுஷன் மாதிரி கம்பளத்தைத் தோளில் தூக்கிவந்து கூடம் முழுக்க விரித்தேன், விரித்த கையோடு அதன்மேல் காலைத் தேய்த்துக்கொண்டே நடந்து போய் அவள் தோளைத் தொட்டேன், பட்டென்று பொறி பறந்தது. "ஐயோ, என்னங்க பண்றீங்க!" "நான் எங்க பண்ணேன்? நீதான் ஷாக் அடிச்ச!" "நானா? நாள் பூரா அந்த பிளாஸ்டிக் மிஷின்கிட்ட நின்னுட்டு வர்றது யாரு? உங்க உடம்புலதான் கரண்டு ஓடுது!" பிளாஸ்டிக் பைத் தொழிற்சாலையில் சுருள் பிரிக்கும் மிஷினில் நிற்பவன் நான், அங்கே பிரிகிற தாள் எங்கள் தலைமுடியையெல்லாம் நட்டுக்குத்தலாக நிற்க வைப்பது நிஜம்தான். அதனால் அவள் சொல்வது சரியாக இருக்குமோ என்று உள்ளுக்குள் உதறல், ஆனால் ஒத்துக்கொள்ள மனசு வருமா? மறுநாள் தட்டு வாங்கும்போது அடித்தது, அப்புறம் சாவி கொடுக்கும்போது அடித்தது, அவள் முடியில் ஒட்டியிருந்த நூலை எடுக்கப் போய்க் காதிலேயே அடித்தது. கடைசியில் நான் கை நீட்டினாலே அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்க ஆரம்பித்துவிட்டாள். ஐயோ பாவம், இப்படிப் பயப்படுகிறாளே என்று நினைத்தேன்.

எங்கள் தொழிற்சாலை வயர்மேனிடம் சொன்னேன். "இதுக்கா அண்ணே மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க? ரப்பர் கிளவுஸ் மாட்டுங்க, கம்பத்துலயே ஏறலாம்" என்றான். முழங்கை வரை வருகிற சிவப்புக் கையுறை. வீட்டுக்குள் நுழைந்ததும் மாட்டிக்கொள்வேன். தட்டு வாங்க, சாவி கொடுக்க, அவளுக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கைவைத்துப் பார்க்க, எல்லாமே கையுறையோடுதான். போதாக்குறைக்கு இரண்டடி தள்ளியே நின்றேன். "இதக் கழட்டவே மாட்டீங்களா?" என்றாள் ஒருநாள். "உன் நல்லதுக்குத்தானே" என்றேன். அதற்குப் பிறகு ஒரு ஷாக் கிடையாது. அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தும் ஒருநாள் பெட்டியைக் கட்டிவிட்டாள். பழைய ஷாக்கின் பயம் தெளியவில்லை போலும். வழியனுப்ப பஸ் ஜன்னலுக்குள் கை நீட்டினேன். சிவப்புக் கையைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது.

உங்கள் பாடத்தில் ஒரு ஆறுதல் கிடைத்தது. உரசும்போது மின்னூட்டம் புதிதாகப் பிறப்பதில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது, மொத்தக் கணக்கு மாறாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் குற்றவாளி நானும் இல்லை, அவளும் இல்லை. ஆனால் அடுத்த பக்கத்துப் படம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. நேர் மின்னூட்டம் என்ற வட்டத்துக்கு மீசையும் எதிர் மின்னூட்டத்துக்குப் பின்னலும் வரைந்திருக்கிறீர்களே, மின்புலக் கோடு அத்தனையும் மீசையிலிருந்து கிளம்பிப் பின்னலில் போய் முடிகிறது. திரும்பி வருகிற அம்பு ஒன்றுகூடக் கிடையாதா மச்சான்? என் பக்கம் பார்த்து ஒன்றே ஒன்று போட்டிருந்தால் உங்கள் இயற்பியல் குடிமுழுகிப் போயிருக்குமா?

தூரம் இரட்டிப்பானால் ஈர்ப்பு நாலில் ஒரு பங்காகக் குறையும் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் இருப்பது இன்னொரு ஊரில். இங்கே எதுவும் குறையவில்லை. மின்தேக்கி புரிந்தது: இரண்டு தகடுகள் எதிரெதிரே, நடுவில் மின்சாரம் கடக்காத ஒரு பொருள், நெருங்கி இருந்தாலும் தொடுவதில்லை, இணைப்பைத் துண்டித்தாலும் உள்ளே இருப்பது உடனே போய்விடுவதில்லை. சாப்பாட்டு மேசையில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் காலி நாற்காலி, நடுவில் பிளாஸ்டிக் விரிப்பு. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறேன். அவள் கை தொட்டால் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஆகவே அவள் இனி தைரியமாக வரலாம். கம்பளத்தைக் கீழ்வீட்டுத் தையல்காரருக்குக் கொடுத்துவிட்டேன். காற்றில் ஈரம் இருந்தால் மின்னூட்டம் தங்காது என்றீர்களே, வீடு முழுக்க ஈரத்துண்டு தொங்குகிறது. அவள் அளவுக்கும் ஒரு ஜோடி சிவப்புக் கையுறை வாங்கியாயிற்று. அவசரம் ஒன்றும் இல்லை. வந்தால் சரி.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு அன்பும் சொல்லுங்கள். எல்லோரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது நான். கடைக்குப் போய் வருகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வந்து கதவைத் திறந்தால் இவர் இல்லை, தபால்தலை வாங்கப் போயிருப்பார் போல. கடிதம் மேசையில் கிடந்தது. நீ அனுப்பிய பாடத்தை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார். நான் கிளம்பிய காரணம்தான் இவருக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. ஷாக் அடிக்கிறது என்றா உன் வீட்டுக்கு வந்தேன்? அடிப்பது நின்றுபோனதால் வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றது பயத்தில் இல்லை. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்தேன். படியேறி வருகிற சத்தம் கேட்கிறது. இதற்குமேல் எழுதக் கை ஓடவில்லை.