நீத்துப்பெட்டியில் வெந்த வாய்க்கட்டை

சுத்தம் என்று வந்துவிட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது. பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் படிப்பிக்கிறேன். (என் சுத்தப் பைத்தியம் முற்றியதற்கு அதுதான் காரணம் என்பது என் அண்ணையின் கண்டுபிடிப்பு.)

கல்யாணம் கட்டாத அண்ணை என்னோடுதான் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன் அவருடைய மேல் அண்ணத்தில் புற்றுநோய் வந்து, கதிர்ச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். பல் டொக்டர் அவர் வாயை அச்செடுத்து, றோஸ் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டை செய்தார். அதைக் கடித்துக்கொண்டு படுத்தால் நாக்கு கீழே அமர்ந்துவிடும். கதிர் அண்ணத்துக்குப் போகும், நாக்கு தப்பும். கட்டையை வாயில் வைத்தபடியே ஸ்கான் எடுத்து, தலை அசையாதிருக்க முகத்துக்கு அளவான மூடியும் செய்தாயிற்று. திங்கட்கிழமை சிகிச்சை தொடக்கம். வீட்டில் கடித்துப் பழகும்படி வெள்ளிக்கிழமை கையில் தந்தார்கள்.

"பச்சைத் தண்ணியிலை கழுவினாக் காணும், ரீச்சர்," என்றார் பல் டொக்டர்.

நான் பணிவாகத் தலையாட்டினேன். (பச்சைத் தண்ணீரா? கிருமியைப் பற்றி எனக்கே பாடமா?)

ஞாயிறு பின்னேரம் புட்டு அவித்து இறக்கினேன். பானையில் தண்ணீர் இன்னும் தளதளவென்று கொதித்தது. வீணாக்குவானேன் என்று, புட்டவிக்கும் அதே பனையோலை நீத்துப்பெட்டிக்குள் கட்டையை வைத்து மூடி, இருபது நிமிடம் அவித்தேன். திறந்தால், கட்டை வாழைப்பழத் தோல் மாதிரி வளைந்து கிடந்தது. சூட்டோடு சூடாக நிமிர்த்தப் பார்த்தேன். மற்றப் பக்கம் வளைந்தது.

அண்ணை அதை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார். "பிள்ளை, இது என்ரை வாயில்லை, வேறை ஆற்றையோ வாய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கெட்டித்தனத்தால் அவருடைய சிகிச்சை தள்ளிப்போகப் போகிறது என்ற பயத்தில் ஒரு வாய் புட்டும் இறங்கவில்லை. அவர் மட்டும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

திங்கள் காலை பல் டொக்டர் கட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன செய்தனீங்கள், ரீச்சர்?"

"அவிச்சனான்."

"எதுக்குள்ளை?"

"நீத்துப்பெட்டிக்குள்ளை."

"புட்டோடையோ?"

"சீ, இல்லை டொக்டர்! புட்டு இறக்கினாப் பிறகு." (இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.)

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். சிரித்தாரா, கோபத்தை அடக்கினாரா என்று இன்றுவரை தெரியாது. நல்ல காலமாக, அண்ணையின் வாயச்சு டொக்டரின் அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அதே அச்சில் புதுக்கட்டை செய்து, முகமூடியோடு பொருத்திப் பார்த்து, புதன்கிழமை சிகிச்சையைத் தொடங்கினார்கள். நடுவில் போன இரண்டு நாளும் நான் நித்திரை கொள்ளவில்லை. புதுக்கட்டையை என் கையில் தரவுமில்லை. அண்ணையிடம் நேரே கொடுத்தார்கள்.

சிகிச்சை முடிந்தது. அண்ணம் ஆற மாதங்கள் எடுத்தன. நாக்கு மட்டும் பெரிதாகப் புண்படாமல், உறைப்பு, புளிப்பு எல்லாம் அறிந்தபடி தப்பிவிட்டது.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும், கதிரையில் இருக்கமுன்னமே, "தங்கச்சி என்ரை வாயை அவிச்ச கதை தெரியுமோ?" என்று அந்த நாக்குத்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் நான் அவித்த நேரம் ஐந்து நிமிடம் கூடுகிறது. போன கிழமைக் கணக்குப்படி இரண்டு மணித்தியாலம். நான் குசினிக்குள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு கேட்டபடி நிற்பேன். திருத்துவதில்லை. அவர் கதைத்துக்கொண்டே இருக்கட்டும்.