ஒரு சுடிதார், மூன்று மணப்பெண்கள்

வாரத்தில் ஆறு நாள் ஒரே நிறத்தில் திரிய வைக்கப்பட்டவர்களிடம், ஏழாம் நாள் நிறம் பற்றி நிதானத்தை எதிர்பார்க்கக் கூடாது. இந்த உண்மை போலீஸ்காரர்களுக்கும் பொருந்தும், நர்சுகளுக்கும் பொருந்தும். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் போன் பாகங்கள் பொருத்திக்கொண்டிருந்த எனக்கும் என் அறைத்தோழிகளுக்கும் கொஞ்சம் அதிகமாகவே பொருந்தியது.

கம்பெனிக்குள் சாம்பல் நீலக் கோட்டு, முடி வெளியே தெரியாத குல்லா, மூக்கை மறைக்கும் மாஸ்க். பெற்ற தாயே நேரில் வந்தாலும் லைனில் எது தன் மகள் என்று சொல்ல முடியாது. வெளியே தெரிவது புருவம் ஒன்றுதான். அதனால் எங்கள் லைனில் புருவம் திருத்தாத பெண்ணே கிடையாது. ("இவ்ளோ அழகா புருவம் வச்சுக்கிட்டு ஏம்மா இவ்ளோ ரிஜெக்ட் பீஸ் வருது?" என்று சூப்பர்வைசர் ஒருமுறை கேட்டார்.)

பஸ் நிறுத்தத்துக்குப் பின்தெருவில், பேபி அக்கா வீட்டு மாடியில் ஒரே அறை. அதில் நாங்கள் மூன்று பேர். கோவில்பட்டியிலிருந்து விஜி என்கிற நான், சங்கரன்கோவிலிலிருந்து முத்துமாரி, நாகர்கோவிலிலிருந்து ஸ்டெல்லா. சுவருக்குச் சுவர் கட்டிய கொடியில் மூவரின் துணிகளும் தொங்கும். எது யாருடையது என்பது முதல் மாதத்தோடு மறந்துபோனது. ஆனால் ஒரு சட்டம் இருந்தது: ஞாயிற்றுக்கிழமை நல்ல உடுப்பு போடுகிறவள் அடுப்புப் பக்கம் போகக் கூடாது, சமைக்கிறவள் நல்ல உடுப்பைத் தொடக் கூடாது. மசாலாக் கறை பட்டால் நஷ்டம் மூன்று பேருக்கும் அல்லவா? சமைத்தவளுக்கு அடுத்த வாரம் முதல் தேர்வு. ஸ்டெல்லா சமைத்தால் மீன் அவியல், நான் சமைத்தால் ஏதோ ஒன்று, முத்துமாரி சமைத்தால் சாப்பாடு. மத்தியானம் மூவரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, விரலில் ஒட்டியது காய்ந்துபோகும் வரை பேசிக்கொண்டிருப்போம். இப்போது என் வீட்டில் ஆறு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேஜை இருக்கிறது. அதில் அப்படி ஒரு மத்தியானம் ஒருநாள்கூட வந்து உட்காரவில்லை.

அந்தப் பங்குனியில் ஸ்ரீபெரும்புதூர் கடை ஒன்றின் வாசலில், பொம்மையின் மேல் அதைப் பார்த்தோம். எலுமிச்சை மஞ்சள் பருத்தி, கழுத்தில் வெள்ளை நூல் பூ, காற்றளவுகூட எடை இல்லாத துப்பட்டா. வெயில் ஏறத் தொடங்கும் மாதத்தில் அந்த நிறத்தைப் பார்த்தாலே தாகம் அடங்கியது. மூவரும் சேர்ந்து வாங்கினோம்.

ஸ்டெல்லா பனைமரம். முத்துமாரி குட்டை, ஒல்லி. நான்... (எங்கள் வீட்டில் 'பூசினாப்ல' என்பார்கள். நல்ல குடும்பம்.) இந்த மூன்று உடம்புக்கும் ஒரே சுடிதாரைப் பொருத்த, பக்கவாட்டுத் தையலைப் பிரித்து, யார் முறையோ அவள் அளவுக்கு அந்த வாரம் ஓட்டுத்தையல் போட்டுக்கொள்வது என்று ஸ்டெல்லா வழி சொன்னாள். முத்துமாரி போடும்போது உள்ளே ஒரு முழம் துணி மடிந்திருக்கும். நான் போடும்போது துணியும் நூலும் ஒன்றையொன்று கடைசியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

துணி புதிதாக இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்துவிடலாம் என்று ஸ்டுடியோவுக்குப் போனோம். திரைக்குப் பின்னால் ஒருத்தி கழற்ற இன்னொருத்தி மாட்ட, அதே பிளாஸ்டிக் ரோஜாச் செடியின் பக்கத்தில், அதே தோடு போட்டு, அதே கோணத்தில் தலையைச் சாய்த்து மூன்று பேரும் எடுத்துக்கொண்டோம். எங்கள் ஊர்களில் 'போட்டோ' என்றால் அது நேராகத் தரகர் பைக்குத்தான் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் பொதுவாக ஒரே தரகர் இருக்கலாம் என்பதுதான் எங்கள் அறிவுக்கு எட்டவில்லை.

எனக்குத்தான் முதலில் பலித்தது. மாப்பிள்ளை கதிரேசன், சாத்தூர்க்காரர், ஒரகடத்தில் லாரி செய்யும் கம்பெனியில் வேலை. அப்பா அனுப்பிய படத்தை வைத்து அவரைச் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் நானே அடையாளம் கண்டுபிடித்தேன். தூசிக்காக முகத்தில் துப்பட்டாவைச் சுற்றியிருந்ததால் அவருக்கு என்னைத் தெரியவில்லை. நின்றபடி கடலை தின்றுகொண்டிருந்தார். தின்று முடித்ததும் பொட்டலத் தாளைக் கீழே போடவில்லை. பிரித்து, நீவி, இரண்டு பக்கமும் படித்தார். கடைசி வரி கிழிந்திருந்தது போலும், முகம் வாடியது. என்னைப் பொறுத்தவரை அந்த இடத்திலேயே கல்யாணம் முடிந்தது. பத்திரிகை அடிப்பதுதான் பாக்கி.

அவருடைய அக்கா தாம்பரத்தில் இருந்தார். எனக்கு லீவு கிடைக்காததால் பெண்ணை அவரே வந்து முதலில் பார்த்துவிடுவதாகச் செய்தி வந்தது. 'ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாரேன். பொண்ணு கையால சாப்பிடணும்.'

அறையில் அவசரக் கூட்டம் கூடியது. படத்தில் இருக்கும் சுடிதாரைத்தான் போட வேண்டும், சமைக்கவும் வேண்டும். சட்டத்தில் இதற்கு இடமில்லை.

"சட்டத்த விடு," என்றாள் ஸ்டெல்லா. "நீ சமைச்சா அவிய தாம்பரத்துக்கு உயிரோட போவணும்லா மக்கா?"

முத்துமாரி எழுந்து முடியைக் கொண்டை போட்டாள். "நான் சொதி வைக்கேன். மாப்ள வீட்டுக்காரவுகளுக்கு வேற எத வைக்க? நீ துணியப் போட்டுக்கிட்டு கரண்டியக் கையில வச்சுக்கிட்டு நில்லு. வாயத் தொறக்காத."

காலையிலேயே பேபி அக்காவின் மிக்ஸி கீழே அலறத் தொடங்கியது. "இன்னாம்மே, கொப்பரை மில்லு எதுனா வக்கப் போறீங்களா? தேங்கா தேங்காயா அரைச்சிகினே கீறீங்க!" என்று அக்கா மாடிப்படியைப் பார்த்துக் கத்தினார். சொதிக்குத் தேங்காய்ப்பாலை முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று முத்துமாரி தனித்தனியாகப் பிழிந்து வைத்தாள். அறையின் மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி அதற்குப் பின்னால் ஸ்டவ். வந்தவரிடம் அவள் கம்பெனியில் ஓ.டி. (ஓவர்டைம்) பார்க்கப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டு, அவள் திரைக்குப் பின்னால் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு.

மதினி வந்தார். (கதிரேசனின் அக்காவை நான் மனதுக்குள் எப்போதோ மதினி ஆக்கிவிட்டேன்.) பருமனான, சிரித்த முகம். என்னைப் பார்த்தார், சுடிதாரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். இலையில் சோறு, சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு. முதல் வாயிலேயே கண்ணை மூடினார்.

"தம்பி டீக்கடையில நிக்கான். அவனுக்கு இதுல கொஞ்சம் ஊத்திக் கொடு தாயி. கேன்டீன்ல தின்னு தின்னு நாக்கு செத்துக் கெடக்கான்."

அவர் கீழேயே நிற்கிறார்! எனக்கு ஒரு படி உயரம் கூடியது. அந்த உயரத்திலிருந்துதான் விழுந்தேன்.

"எம்புட்டுப் பதமா இருக்கு! எனக்கு எப்பவும் திரிஞ்சு போகும். மொதப் பால எப்பம்மா ஊத்துன?"

வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தாள். ஆனால் புத்தகம் படிக்கிற பழக்கம் உள்ளவர்களிடம் ஒரு வியாதி உண்டு. தெரியாது என்று சொல்ல வராது.

"அதுல ஒண்ணும் இல்ல மதினி. நல்லா தளதளன்னு கொதிக்கையில ஊத்தணும். ஊத்திட்டு அப்படியே ஒரு கால் மணி நேரம் கொதிக்க விடணும். கொதிக்கக் கொதிக்கத்தான் ருசி."

திரை அசைந்தது. "ஏட்டி, பாவி மட்டை!" என்று குரல் வந்தது. "மொதப் பால கொதிக்க விடுவாளாட்டி எவளாவது? எறக்கி வச்சுட்டுல்லா ஊத்தணும்!"

வெளியே ஒரு லாரி ஹைவேயில் சாவகாசமாகப் போனது.

"ஓ.டி. சீக்கிரம் முடிஞ்சிட்டு போல," என்றாள் ஸ்டெல்லா.

முத்துமாரி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். சாயம்போன நைட்டி, முழங்கையில் தேங்காய்ப்பூ, முகமெல்லாம் வியர்வை. குனிந்த தலை நிமிரவில்லை. மதினி கையைக் கழுவிவிட்டு, கைப்பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்துத் தரையில் வைத்தார். அதே மஞ்சள், அதே ரோஜாச் செடி, அதே தோடு. ஒன்றில் நான், இன்னொன்றில் அவள்.

"தரகர் ரெண்டையும் கொடுத்தாரு. ஒரே பொண்ண மெலியுறதுக்கு முன்னால ஒண்ணு, பெறகு ஒண்ணு எடுத்து ரெண்டு வீட்டுப் பேரச் சொல்லி ஏமாத்துதாருன்னு நெனச்சேன். அதக் கண்டுபிடிக்கத்தான் நானே வந்தேன்."

"எனக்கும் ஒண்ணு எடுத்திருக்கு," என்றாள் ஸ்டெல்லா, நேர்மையாக. "அது நாகர்கோவிலுக்குப் போயாச்சு."

அந்த நேரம் பார்த்து, மிக்ஸி ஜாரைத் திருப்பி வாங்க பேபி அக்கா மேலே வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அட, மஞ்சா டிரெஸ் இந்த வாரம் உன் டர்னா? போன வாரம் நம்ம நாகர்கோயிலு போட்டுகினு போச்சே!"

இதற்கு மேல் ஒரு மனுஷி இழக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பேச்சை மாற்றுவதற்காக, கை கழுவிவிட்டவரிடமே, "மதினி, இன்னும் கொஞ்சம் சோறு?" என்று வாளியோடு குனிந்தேன். பர்ர்ர்ர் என்றது. அக்குளிலிருந்து இடுப்பு வரை, இரண்டு பக்கமும், ஸ்டெல்லாவின் ஓட்டுத்தையல் ஒரே மூச்சில் ராஜினாமா செய்தது. கரண்டியோடு, வாளியோடு, முன்பக்கம் ஒரு துணியும் பின்பக்கம் ஒரு துணியுமாக, கடை வாசலில் தொங்கும் இரண்டு பக்க போர்டு மாதிரி நின்றேன்.

மதினி சிரித்த சிரிப்பு டீக்கடை வரை கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டே எழுந்து, தன் சேலைத் தலைப்பால் என்னைப் போர்த்தி, "போ தாயி, மாத்திக்கிட்டு வா. எனக்கு எங்க கல்யாணப் பந்தல்லயே கிழிஞ்சுது," என்றார். அது பொய் என்று அவர் முகத்தில் தெரிந்தது. அந்தப் பொய்க்காகவே அவருக்குத் தம்பி பெண்டாட்டியாக, சம்பந்தியாக, எதுவாகவாவது ஆகிவிட வேண்டும் என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. போகும்போது சொதியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதிரேசன் டீக்கடை பெஞ்சிலேயே வாளியைத் திறந்து, பன்னைத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அப்பா போனில் நெடுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். (சித்திரை வெயிலில் என்ன மழை?) பிறகு சொன்னார், அவர்கள் சங்கரன்கோவிலில் பெண் கேட்டிருக்கிறார்களாம்.

முத்துமாரிக்கும் வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. பாய்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாட்டேன்னு சொல்லிட்டேன். ஒனக்குப் பாத்த மாப்ளையில்லா? சொதிய ஊத்தி ஒம்புருசனப் பிடுங்கிட்டான்னு நாளைக்கு லைனே பேசும்."

எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த வாரம் முழுக்க மாஸ்க்குக்குள் அழுதுகொண்டுதான் வேலை செய்தேன். மாஸ்க்கில் அது ஒரு வசதி. ஆனால் அவள் வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததையும் பார்த்தேன். சமைக்கத் தெரிந்தவள் பட்டினி கிடப்பதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

"ஏட்டி, அவரு கடலப் பொட்டலத்தக்கூட படிச்சுட்டுத்தான் போடுதாரு," என்றேன். "அந்த மாதிரி ஆளு வெளிய போயிரக் கூடாது. நம்ம ரூமுக்குள்ளயே இருக்கட்டும்."

"ரூமுக்குள்ள எப்படிட்டி இருப்பாரு?" என்று அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. மாப்பிள்ளை போய்விட்டாரே என்றுதான் அத்தனை நாளும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். போகப்போவது யார் என்று புரிந்தது ஆவணியில், முத்துமாரியின் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஸ்டெல்லாவும் நானும் அறைக்குத் திரும்பிய பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கொடி நிறையத் துணி. யார் எதை வேண்டுமானாலும் போடலாம், முறை கிடையாது, சண்டை கிடையாது. இரண்டு பேரும் இருப்பதிலேயே நல்லதாக எடுத்துப் போட்டுக்கொண்டு, கறை பட்டுவிடுமே என்ற பயம் இல்லாமல் பரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்தோம். சால்னா ஸ்டெல்லாவின் துப்பட்டாவில் கொட்டியது. இரண்டு பேரில் யாரும் துடைக்கவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை சாத்தூர் போகிறேன். எனக்கும் கல்யாணமாகி, செய்தித்தாளை வடை எண்ணெய் ஒற்ற மட்டும் பயன்படுத்துகிற நல்ல மனிதர் ஒருவர் வாய்த்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் கதிரேசன் என்னைக் காட்டி ஆரம்பித்துவிடுவார். "இவுகளத்தான் எனக்கு மொதல்ல பாத்தாக. பால எப்ப ஊத்தணும்னு கேட்ட கேள்விக்கு ஃபெயிலு. போர்டு மாதிரி நின்னாகளாம்!" நானும் எழுந்து, இரண்டு கையையும் விரித்து அப்படியே நின்று காட்டுவேன். கூட்டம் சிரித்து உருளும்.

போன முறை அவர்கள் மகள், "அப்ப நீங்க எனக்கு அம்மாவா ஆயிருப்பீங்களா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"ஆயிருப்பேன். சாப்பாடு கேக்காத பிள்ளையா இருந்தா," என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். அடுப்படியிலிருந்து, திரும்பாமலே, முத்துமாரியின் குரல் வந்தது. "இவுக அக்கா அன்னைக்குப் பஸ்ஸ விட்டுருந்தா, நாம மூணு பேரும் இன்னும் அங்கனயே இருந்திருப்போம், இல்லையாட்டி விஜி?"

கதிரேசன்தான் அதற்கு எல்லோரையும்விட பலமாகச் சிரித்தார். அவளும் நானும் சிரிக்கத்தான் செய்தோம், கொஞ்சம் பிந்தி.