எட்டு நிமிடமும் சாகாத பூனை

எங்கள் குடும்பத்தில் யாரும் திடீரென்று இறந்ததில்லை. முதலில் அவர்களுக்குக் கொஞ்சம் சுகமில்லாமல் போகும். அடுத்த தொலைபேசி அழைப்பில் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். அதற்கடுத்ததில் ‘கொஞ்சம் கடுமையாம்’ என்பார்கள். (ஆள் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.) கேட்பவர் சாப்பிட்டாரா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, கதிரையில் உட்கார்ந்திருக்கிறாரா என்றெல்லாம் விசாரித்து, அவராகவே விளங்கிக்கொண்டு ‘ஐயோ’ என்று சொல்லும்வரை காத்திருப்பதுதான் யாழ்ப்பாணத்து மரியாதை.

இந்தக் கலையில் என் அப்பா கைதேர்ந்தவர். டோர்வல் விமான நிலையத்தில், பெட்டி வந்து சேராத பயணிகளுக்குப் பதில் சொல்வது அவருடைய வேலை. ‘தொலைந்துவிட்டது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து மொன்றியலில் யாரும் கேட்டதில்லை. பெட்டி எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும்.

அவருடைய மகள் நான். டொக்டராக வேண்டும் என்பது சிறு வயது ஆசை. ஆனால் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு வருடமும் வகுப்பில் இருந்ததைவிட நடனக் குழுவில் ஆடியது அதிகம் என்பதால், ஜிபிஏ என்கிற என் சராசரிப் புள்ளி நாடித்துடிப்பே இல்லாமல் கிடந்தது. அதையும் வீட்டில் முறைப்படிதான் அறிவித்தேன்.

“அப்பா, சாப்பிட்டிட்டியளோ?”

“ஓம். ஏன்?”

“இந்த முறை மார்க்ஸ் கொஞ்சம் சோர்வா இருக்கு.”

அடுத்த கிழமை, “கெமிஸ்ட்ரிதான் கொஞ்சம் கடுமை” என்றேன். அதற்கடுத்த கிழமை நான் வாயைத் திறக்கும் முன்பே அப்பா கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

“சரி பிள்ளை, எப்ப எடுக்கினம்?”

(செத்தவீட்டுக்குப் போகுமுன் எங்கள் ஆட்கள் கேட்கும் கேள்வி இது. பிரேதத்தை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று அர்த்தம்.)

“மார்க்ஸ் பாக்காத மெடிக்கல் கொலிஜ் ஒண்டும் இல்லையோ?” என்று குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்.

அதன்பிறகு நடனத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு விழுந்து விழுந்து படித்தேன். இருந்தாலும் பழைய புள்ளிகள் என் காலைப் பிடித்து இழுத்தன. விண்ணப்பித்த இடமெல்லாம் கதவைச் சாத்த, ஒரேயொரு கல்லூரி மட்டும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அங்கே நன்றாகச் செய்தால் ஜிபிஏயை மன்னித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த நேர்முகத்தில் வரிசையாக அறைகள் இருக்கும். சில அறைகளில் நடிகர்கள் நோயாளியாகவோ கவலையில் இருப்பவராகவோ நடிப்பார்கள். நாம் எப்படிக் கதைக்கிறோம் என்று மூலையில் ஒருவர் கவனித்துப் புள்ளி போடுவார். வீட்டில் ஒத்திகைக்கு அப்பாவை நோயாளியாக்கினேன்.

“வணக்கம், உங்களுக்கு என்ன செய்யுது?”

“எனக்கு ஒண்டும் செய்யேல்லை. நான் நல்லா இருக்கிறன்.”

“அப்பா, வருத்தக்காரர் மாதிரி நடியுங்கோ!”

“வெள்ளிக்கிழமையில ஏன் பிள்ளை இந்த அவச்சொல்?”

இவ்வளவு பயிற்சியோடுதான், பனி கொட்டிய ஒரு காலையில், அம்மா பூசிவிட்ட திருநீற்றுடன் போய் இறங்கினேன். முதல் சில அறைகள் நன்றாகவே போயின. ‘நானா இப்படிக் கதைக்கிறேன்!’ என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு அடுத்த கதவில் ஒட்டியிருந்த தாளை வாசித்தேன். அயலவர் பயணம் போகும்போது தன் பூனையை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். நான் கதவைத் திறந்து வைத்ததால் பூனை வெளியே ஓடி, காரில் அடிபட்டு இறந்துவிட்டது. இப்போது அவர் திரும்பி வந்திருக்கிறார். எட்டு நிமிடத்துக்குள் அவரிடம் விஷயத்தைச் சொல்லவேண்டும்.

உள்ளே ஒரு கியூபெக் பெண்மணி, கையில் பயணப் பெட்டியும் முகம் நிறையச் சிரிப்புமாக நின்றார்.

“என் மினூ எங்கே?”

நான் வாயைத் திறந்தேன். என் பரம்பரை முழுவதும் அதற்குள்ளிருந்து பிரெஞ்சில் பேசத் தொடங்கியது.

“பயணம் எப்படி? சாப்பிட்டீர்களா?”

“சாப்பிட்டேன். மினூ எங்கே?”

“முதலில் இருங்கள்.” கதிரையை இழுத்துக் கொடுத்தேன். “வீட்டில் உங்களோடு வேறு யாராவது இருக்கிறார்களா?”

“நானும் மினூவும்தான்.”

“மினூவுக்கு... நேற்றிலிருந்து கொஞ்சம் சுகமில்லை.”

மூலையில் எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது.

“என்ன நடந்தது?”

“ஒரு கார் வந்து... லேசாகத் தட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.”

எங்கள் ஆட்களாக இருந்தால் இந்த இடத்தில் விளங்கிக்கொண்டு தலையில் கை வைத்திருப்பார்கள். இந்தப் பெண்மணியோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார்.

“எந்த ஆஸ்பத்திரி? இப்போதே போவோம், வாருங்கள்!”

அந்த முகத்தில் தெரிந்த நம்பிக்கையைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? அவர் நடிக்கிறார் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

“இன்றைக்குப் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது,” என்றேன். “பயப்படாதீர்கள். பெரிய டொக்டர் ஒருவர் பார்க்கிறார்.”

“பிழைத்துவிடுமா?”

“கொஞ்சம் கடுமைதான். ஆனால் காலையில் பால் குடித்ததாம்.”

மணி அடித்தது. மூலையில் இருந்தவர் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. கதவடியில் வைத்து அந்தப் பெண்மணி கேட்டார், “அப்போ நாளைக்குப் பார்க்கலாமா?”

“பார்க்கலாம்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மெட்ரோ ரயிலில் வழி முழுக்க அழுதேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பாவுக்கு என் பிழை என்னவென்றே விளங்கவில்லை.

“பயணத்தால வந்த களைப்போட நிக்கிற மனுசிக்கு உடன சொல்லேலுமோ? நீ செய்தது சரி.”

“பால் குடிச்சதெண்டு சொன்னதுதான் கொஞ்சம் கூடிப்போச்சு,” என்றார் அம்மா.

முடிவை இணையத்தில் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கடவுச்சொல்லை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, வில்லரேயில் ஒரு மருந்துக் கடையில் கல்லாவில் நிற்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பனி கரைந்து, மரங்கள் துளிர்த்த பிறகு ஒருநாள் அங்கே தொலைபேசி வந்தது.

“பிள்ளை, சாப்பிட்டியோ?”

கல்லாவைச் சாத்தினேன்.

“ஓம் அப்பா.”

“பக்கத்தில ஆரும் நிக்கினமோ?”

“மனேஜர் நிக்கிறார்.”

“ஒரு கதிரையில இரு பாப்பம்.”

கதிரை இல்லாததால் குழந்தைகளுக்குக் கட்டும் நப்பிப் பெட்டி ஒன்றின் மேல் இருந்தேன்.

“விளங்கிட்டுது அப்பா. பரவாயில்லை.”

“பொறு பிள்ளை. உன்ர பெயர் வெயிட்டிங் லிஸ்ட்டில கிடந்ததெல்லோ...”

“எனக்கு அதுவே தெரியாதே!”

“ஓம், நான் பேந்து ஆறுதலாச் சொல்லுவம் எண்டு விட்டிட்டன். அது இப்ப என்னெண்டா...”

“ஐயோ அப்பா, நேரா சொல்லுங்கோ!”

“உன்னை எடுத்திட்டினம், பிள்ளை.”

நான் ஓவென்று கத்தி அழுததில் வாடிக்கையாளர்கள் ஓடி வந்தார்கள். மனேஜர் என் தோளில் கை வைத்து ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து, இரண்டு நாள் விடுமுறையும் தந்தார். (எடுத்துக்கொண்டேன். அழுகை நிற்காத நிலையில் விளக்கம் சொல்ல முடியுமா?) இவ்வளவு சந்தோஷத்தை என் உடம்பு அதற்கு முன் தாங்கியதில்லை.

இப்போது நான் டொக்டர். கெட்ட செய்தியை நேராகச் சொல்லப் பழகிக்கொண்டேன். கதிரையை மட்டும் இன்றும் முதலில் இழுத்துக் கொடுப்பேன்; அந்த அளவில் அப்பா சொன்னது சரிதான். வீட்டிலோ யாராவது எதையாவது இழுத்து இழுத்துக் கதைத்தால், மற்றவர்கள் உடனே பூனையைச் சுகம் விசாரிப்பார்கள்.

போன மாதம் என் காரை இரவல் வாங்கிப் போன அப்பா, மத்தியானம் தொலைபேசி எடுத்தார்.

“பிள்ளை, சாப்பிட்டியோ?”

“பூனைக்கு என்ன, அப்பா?”

அவருக்குப் பின்னால் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது.

“கராஜில வச்சிருக்கினம்.”

“கடுமையோ?”

“சீச்சீ,” என்றார் அப்பா. “காலமை பால் குடிச்சது.”