நாலு விரல் நூலகம்

ஒரு சமூகத்தின் நாகரிகத்தை அதன் நூலகத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். அந்த அளவில் பெங்களூரு வைட்ஃபீல்டிலுள்ள எங்கள் 'லேக் செரினா' குடியிருப்பு நாகரிகத்தின் உச்சியில் இருக்கிறது. லிஃப்ட் ஓடாத நாட்களில் படியேறி அங்கே போகிறோம். (லேக் எங்கே என்று தேடாதீர்கள், அதன் மேல்தான் கார் நிறுத்துகிறோம்.) எங்கள் நூலகத்தில் நடந்த மாபெரும் திருட்டையும் அதை நாங்கள் துப்பறிந்த வீரத்தையும் பதிவு செய்வது, சங்கத் தலைவர் என்ற முறையில் என் கடமை.

நூலகம் கிளப் ஹவுஸில் ஜிம்முக்குப் பக்கத்து அறை. போன வருஷம் ஜிம்மில் இரண்டாவது ட்ரெட்மில் போட இடம் போதவில்லை. அறிவுக்கும் ஆரோக்கியத்துக்கும் தகராறு வந்தால் பெரிய மனிதர்கள் என்ன செய்வார்கள்? இன்டீரியர் டிசைனர் சுனிதாவைக் கூப்பிட்டோம். அவர் நடுச்சுவரை நகர்த்தினார். அலமாரியின் ஆழம் நாலு விரல் ஆனது. "ஒரு புக் கூடக் குறையாது சார். எல்லாம் வரிசையா நிக்கும். இதுக்குப் பேரு ஸ்லிம் லைப்ரரி" என்றார். அப்படியே நின்றன. எப்படி நிற்கின்றன என்று கமிட்டியில் யாரும் கேட்கவில்லை. கலைஞர்களைக் குடைவது எங்கள் வழக்கமல்ல. கண்ணாடிக் கதவு போட்டு, 'தொடாதீர்கள்' என்று எழுதி, முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டோம்.

இந்தப் பொற்காலத்தைக் கெடுத்தவர் பி பிளாக் ஞானசேகரன். கன்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா அந்தக் காலத்தில் ஜட்கா குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவராம். தாத்தா எழுதி அச்சடித்த 'ஜட்காக் குதிரை வைத்திய விளக்கம்' என்ற புத்தகத்தின் கடைசிப் பிரதியை எங்களை நம்பிக் கொடுத்திருந்தார். இப்போது அதைப் படிக்க வேண்டும் என்று வந்தார். நூலகத்துக்குப் படிக்க வந்த முதல் மனிதர்! எனக்கு அப்போதே சந்தேகம்.

கதவைத் திறந்து புத்தகத்தை இழுத்தார். அதன் முதுகு அட்டை மட்டும் கையோடு வந்தது. தங்க எழுத்தில் தலைப்பு இருந்தது. பின்னால் ஒன்றும் இல்லை.

"என்னங்க இது? புக் எங்கங்க?" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. திருடன் முதுகை விட்டுவிட்டு உள்ளிருந்ததை உருவியிருக்கிறான் என்று ஒருமனதாக முடிவு செய்தோம். அலமாரியைத் தொடுபவர் தூசி தட்டும் வேலைக்காரப் பெண் யூனிஸ். வேறு யாரும் அதைத் தொட்டதே இல்லை என்பது அவருக்கு எதிரான அசைக்க முடியாத சாட்சி. கேட்டுக்குள் நுழைய முடியாதபடி, செக்யூரிட்டி ஆப்பில் என் விரலாலேயே அவரை 'பிளாக்' செய்தேன். கிளப் ஹவுஸ் வேலையோடு, அவர் பாத்திரம் தேய்க்கும் எங்கள் வீடுகளும் அவருக்குப் போயின. நீலசந்திராவிலிருந்து பஸ் மாறி வந்தவர் கேட்டில் எல்லோர் முன்னாலும் நின்று, "என்னா பண்ணேன்னு சொல்லிட்டாவது பிளாக் பண்ணுங்க சார்" என்று அழுதார். விசாரணை ரகசியம் என்பதால் சொல்லவில்லை.

துப்பறிய சிவாஜிநகர் நரேஷை அழைத்தோம். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டை விசாரித்துச் சொல்வதில் நிபுணர். எந்த ரிப்போர்ட்டையும் 'பெண் கொடுக்கலாம்' அல்லது 'கொடுக்க வேண்டாம்' என்று முடிப்பார்.

"புக்கு யார் யார்கூடப் பழகிச்சு சார்?"

"யார்கூடவும் இல்ல."

"ராத்திரி வெளிய தங்குற பழக்கம்?"

"யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதே கிடையாது."

"தங்கமான புக்கு சார். சொந்தக்காரங்களையும் பாத்துடுவோம்" என்று பக்கத்திலிருந்த கலைக்களஞ்சியத்தை இழுத்தார். முதுகு. அடுத்ததும் முதுகு. வரிசை முழுக்க முதுகு.

"அய்யோ, மொத்த லைப்ரரியையும் டிபன் பாக்ஸ்ல கடத்திட்டாளே!" என்று பொருளாளர் மௌரீன் நாற்காலியில் சாய்ந்தார்.

நரேஷ் அலமாரிக்குள் கையை விட்டார். உள்ளங்கை போவதற்குள் சுவர் வந்துவிட்டது. "ஸ்வல்ப இருங்க மேடம். நாலு விரல் எடத்துல ஒரு ஜாண் புக்கு எப்படி நின்னுச்சு?"

சுனிதாவுக்குப் போன் போட்டோம். "முதுகை மட்டும் கட் பண்ணி ஒட்டினேன் சார். மிச்சமெல்லாம் வேஸ்ட்டுன்னு டெம்போல போயிடுச்சு. நீங்கதானே அப்ரூவ் பண்ணீங்க?" என்றார். என்ன ஒரு வெள்ளை மனம்!

அக்கம்பக்கம் விசாரிக்காமல் நரேஷ் எதையும் முடிப்பதில்லை. நீலசந்திராவுக்குப் போனார். மறுநாள் யூனிஸும், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் அவர் தம்பி ஜாய்சனும் அவரோடு வந்தார்கள். யூனிஸ் கையில், துணியில் சுற்றிய, முதுகில்லாத குதிரை வைத்தியம்.

"அப்ப திருட்டுதான்!" என்றேன் வெற்றியோடு.

"டெம்போல ஏத்தசொல்ல குதிரைப் படம் தெரிஞ்சிது சார். தம்பிக்கு ஆவும்னு சுனிதா மேடத்தக் கேட்டேன். எத்துக்கோன்னாங்க. குப்பைலேருந்து எடுத்தா திருட்டுன்றீங்க. குப்பைல போட்டா அதுக்கு என்னா பேரு சார்?"

நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி என்பதால் பதில் அளிக்கப்படவில்லை.

ஞானசேகரன் புத்தகத்தைப் புரட்டினார். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. ஜாய்சனைப் பார்த்தார். "இதப் படிச்சியாப்பா?"

"ஆமா சார். எங்க குதிரை ராணிக்கு வயிறு உப்பிப் படுத்துடுச்சு. இதுல போட்டிருந்தபடியே ஓமம் காய்ச்சி ஊத்துனேன். விடியறதுக்குள்ள எந்திரிச்சு நின்னுச்சு."

ஞானசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீயே வெச்சிக்கோ. எனக்குப் படிக்கணும்னா உங்க வீட்டுக்கு வரேன்."

"படிக்கிறதுக்கா வாங்கி வெச்சோம்?" என்று மௌரீன் கொதித்தார். நான் அடக்கினேன். தலைப்பு எங்களிடம்தான் இருக்கிறது. உள்ளே இருந்ததைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தோம். யூனிஸை எச்சரித்து 'அன்பிளாக்' செய்யவும் முன்வந்தேன்.

"கேட்டுல எல்லார் முன்னாடியும் அழ வெச்சீங்க" என்றார் யூனிஸ். "அங்கியே வந்து சொல்லுங்க சார், நான் திருடலன்னு. அப்பறம் வேலைக்கு வரேன்."

நடப்பதற்கென்றே இரண்டு ட்ரெட்மில் வைத்திருப்பவர்கள் கேட் வரை நடப்பது முறையல்ல என்பதால் கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டது. யூனிஸ் தம்பியோடு கிளம்பிவிட்டார்.

நரேஷும் எழுந்து ஒரு தாளை நீட்டினார். "நம்ம ரிப்போர்ட்டு சார். குடும்பம் வசதியானது. வீடு சொந்தம். கெட்ட பழக்கம் எதுவும் இல்ல. புத்தகம் கொடுக்க வேண்டாம்."

இத்தனை உயர்ந்த நற்சான்றிதழை நூலகத்திலேயே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். சட்டத்துக்குள் முழுத் தாளுக்கும் இடம் போதவில்லை. கடைசி வரியை மட்டும் சுனிதா வெட்டிவிட்டார்.