மச்சான் கழுத்துக்கு ஒரு சோக்

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. புது வீட்டில் நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் இரண்டு பேர். அதில் ஒருவர் இன்னொருவரிடம் பேசுவதில்லை. உன் அக்கா என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் இப்போது ஃபிரிட்ஜிடம் சொல்கிறாள். நான் அதன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் அவள் காதில் விழும் என்பதால் கடிதம்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். என் ரேடியோவில் இரைச்சல். ஞாயிற்றுக்கிழமை நாடகத்தில் கதாநாயகி அழுகிறாளா அப்பளம் பொரிக்கிறாளா என்று தெரியாத அளவுக்கு இரைச்சல். அச்சகத்தில் ஆயுள் முழுக்க அடுத்தவர் பிழையைத் திருத்தியே ஓய்வு பெற்றவன் நான். என் பிழை என் கண்ணில் படுவதற்குப் பழக்கமில்லை. ஆகவே இந்த விசாரணையையும் முறைப்படி நடத்தினேன். ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பார்க்க வேண்டும், இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள், நிற்காவிட்டால் வெளியே என்று படித்திருந்தேன். அணைத்தேன். இரைச்சல் நிற்கவில்லை, கூடியது. எங்கள் வீடு அமைதியானதால், அப்போது மாடியில் இருந்த உன் வீட்டுச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கிறது என்று முடிவு செய்தேன். ரேடியோவைக் கையில் ஏந்தி அறை அறையாக நடந்தேன். மாடிப்படி அருகே காது கிழிந்தது. மேல்வீட்டிலிருந்து இரைச்சல் படியிறங்கி வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மேலே இருப்பது நீ. உன்னிடம் இருப்பது மோட்டார் வைத்த தையல் மெஷின். கதை முடிந்தது.

கடைக்குப் போய் ஒரு பை நிறைய ஃபெரைட் சோக் வாங்கினேன். கம்ப்யூட்டர் வயரின் நுனியில், எலியை விழுங்கிய பாம்பு போல ஒரு புடைப்பு இருக்குமே, அதேதான். தனியாக வாங்கினால் இரண்டாகப் பிளந்து வயரைக் கவ்விக்கொள்ளும். வயர் வழியாக வெளியேறும் இரைச்சலை அது தடுத்துவிடும். "இது போட்டா நிச்சயம் அடங்குமா?" என்று கேட்டேன். "எங்க மாட்டணுமோ அங்க மாட்டினா அடங்கும் சார். எங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் கடைக்காரர். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நடந்ததை நினைக்கும்போது மனசு கேட்கவில்லை. நான் படியேறி வந்தபோது நீ ஒரு கோட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தாய். "வாங்க அத்தான், டீ போடச் சொல்லவா?" என்றாய். நான் டீ குடிக்க வரவில்லை என்று சொல்லிவிட்டு உன் டிவிக்கு ஒன்று, மீன்தொட்டி மோட்டாருக்கு ஒன்று, செல்போன் சார்ஜருக்கு ஒன்று, உன் மனைவி கையில் பிடித்துக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டிக்கும் ஒன்று என்று மாட்டிக்கொண்டே போனேன். ஒரு சுற்றுக்கு நாலு சுற்று சுற்றினால் பலன் கூடும் என்று படித்திருந்ததால் தையல் மெஷினின் மிதி வயரை நாலு சுற்று சுற்றினேன். சுற்றினால் வயர் குட்டையாகும் என்பதை எழுதியவர் எழுதவில்லை. மிதி உன் காலுக்கு எட்டாமல் போய், நீ பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து தைத்து, அந்தக் கோட்டின் இடது கை வலது கையைவிடக் குட்டையாகி, வாடிக்கையாளர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்ற நிலையை உன் அக்கா ஃபிரிட்ஜிடம் விவரித்தாள்.

அதையாவது விடலாம். மறுநாளும் இரைச்சல் கேட்கிறது என்று நான் மறுபடி படியேறி வந்தேனே, "உன் வீட்ல சத்தம் போடாத பொருள் ஒண்ணாவது இருக்கா, உன்னையும் சேர்த்து?" என்றேனே, அதைத்தான் விட முடியவில்லை. நீ சிரித்துக்கொண்டே, "அப்ப என் கழுத்துலயும் ஒண்ணு மாட்டிடுங்க அத்தான்" என்றாய். அந்த இடத்தில் நானும் சிரித்திருக்க வேண்டும். "பார்த்தேன், உன் கழுத்துக்கு அளவு கிடைக்கல" என்றேன். அந்த வாரமே வீட்டைக் காலி செய்துவிட்டாய்.

நீ போன பிறகும் இரைச்சல் போகவில்லை. பூட்டிய வீட்டிலிருந்து எப்படி வரும்? உன் மெஷின் சத்தம் சுவரில் ஊறியிருக்கும், போகப் போகக் காயும் என்று கொஞ்ச நாள் நம்பினேன். பிறகு ஒரு மத்தியானம் மெயினை மறுபடி அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். உன் அக்கா வந்து பார்த்தாள். ஃபிரிட்ஜிடம் திரும்பி, "மெயினை அணைச்சுட்டாராம். தலைக்கு மேல ஃபேன் சுத்துது, அதுலயே காத்து வாங்கிட்டு உக்காந்திருக்காரு" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இன்வெர்ட்டர். மெயினை அணைத்தால் வேலையைத் தொடங்குவதற்கென்றே நான் வாங்கி, மாடிப்படிக்கு அடியில் நானே வைத்த இன்வெர்ட்டர். அதை அணைத்தேன். ரேடியோவில் ஒருவர் மிகத் தெளிவான குரலில் மழைக்கு வாய்ப்பில்லை என்றார்.

இப்போது இன்வெர்ட்டரின் வயர்கள் இரண்டிலும், பெட்டியை ஒட்டி, மூன்று மூன்று சோக் மாட்டிவிட்டேன். போட்டாலும் இரைச்சல் இல்லை. ரேடியோ துல்லியம். மாடியும் துல்லியம், நாற்காலி இழுக்கிற சத்தமில்லை, மெஷின் சத்தமில்லை. நாடகத்தின் நடுவில் இறங்கி வந்து, "டாக்டர்தான் கொன்னிருப்பான், வேணும்னா பாருங்க" என்று சொல்லிக் கெடுக்க ஆளில்லை. யார் கொலைகாரன் என்பதைப் போன வாரம் ரேடியோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டாக்டர்தான்.

என்னால் நீ வீட்டை விட்டுப் போகும்படி ஆயிற்று. மன்னித்துக்கொள். மேல்வீட்டை வேறு யாருக்கும் விடவில்லை. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, கையில் தைப்பதற்குத் துணி குறையாமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். படித்ததும் நேராக என்னிடமே பேசினாள். "அவன் உங்களால போகலைங்க. முன்னாடி ரூம்ல கடை போடுற மாதிரி வீடு தேடி, சண்டைக்கு முன்னாடியே சாவி வாங்கிட்டான். வருத்தப்படுவீங்கன்னு சொல்ல பயந்துக்கிட்டு இருந்தான். நீங்க கத்தினதும், 'நல்லவேளைக்கா, இனிமே சொல்ல வேண்டியதில்ல'ன்னான்." அப்படியானால் இத்தனை நாள் ஏன் என்னிடம் பேசவில்லை என்று அவளைக் கேட்டேன். "கழுத்துக்கு அளவு கிடைக்கலைன்னீங்களே, அதுக்கு" என்றாள்.

ஆக, சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் இரண்டாம் முறையும் தப்பாகக் கண்டுபிடித்திருக்கிறேன். மேலே கேட்ட மன்னிப்பில் வீட்டுக்கான பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கழுத்துக்கான பங்கு அப்படியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து சேர். நாடகம் இப்போது ஒரு சொல் விடாமல் கேட்கிறது. அது அப்படியொன்றும் நன்றாக இல்லை. நீ பேசிக்கொண்டே இருந்ததால் இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.